பழைய பள்ளியிலை எனக்கு வைச்ச தனிக்கோப்பை

என்ரை சிநேகிதியை இன்னொருத்தி “ராத்தா, ராத்தா” எண்டு அக்கா முறை சொல்லி உரசிக்கொண்டு திரிஞ்சதைப் பாக்க எனக்கு வயிறு எரிஞ்சது. பொய் சொல்லி என்ன. அண்டைக்குப் பழைய பள்ளிவாசலிலை கந்தூரிச் சாப்பாடு. கும்பிடுற இடத்திலை நிண்டுகொண்டு வயிறு எரியிறது பாவம்தான். எரிஞ்சதே, என்ன செய்ய?

நாங்கள் முல்லைத்தீவுக் கரையிலை இருக்கிற வேதக்காரர், மாதா கோயில் சனம். கடல்தொழில். அவள் பள்ளிவாசலுக்குப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. ரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலை ஒரே வாங்கிலை இருந்து படிச்சனாங்கள். பிறகு சண்டைக் காலத்திலை இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்ன நேரம் அவளின்ரை குடும்பமும் புத்தளத்துக்குப் போட்டுது. சண்டை முடிஞ்சு கனகாலத்துக்குப் பிறகுதான் திரும்பி வந்தாள். வந்த கையோடை என்ரை வீட்டைத் தேடிப் பிடிச்சு வந்து நிண்டவள். அண்டையிலையிருந்து அவள் எனக்குத்தான் எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்.

கந்தூரிக்குப் புத்தளத்திலையிருந்து ஒரு வான் நிறையச் சனம் வந்தது. அதிலை ஒரு மெலிஞ்ச மனிசி. அங்கை அகதி முகாமிலை இவளுக்குப் பக்கத்துக் கொட்டிலாம். ஒரே கிணத்துத் தண்ணியாம், ஒரே அடுப்பாம். இவள் அந்த மனிசியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு பள்ளியைச் சுத்திக் காட்டுறாள். நான் சீலைத் தலைப்பாலை தலையை மூடிக்கொண்டு பின்னாலை இழுபடுறன்.

அந்தப் பள்ளியை முந்திக் கப்பலிலை வந்த யாவாரியள் கட்டினது எண்டு சொல்லுவினம். சுண்ணாம்புச் சுவர், நல்ல தடிப்பு. சண்டைக்குள்ளை கூரை போய் இப்ப தகரம் போட்டிருக்கினம், ஆனா சுவர் அசையேல்லை. பொம்பிளையளை விடுற பக்கத்திலை அந்தச் சுவரிலை காதை வைச்சா கடல் இரையிறது கேக்கும். சின்ன வயசிலை அதைக் கண்டுபிடிச்சு அவளுக்குக் காட்டினதே நான்தான். இப்ப அவள் அதை அந்த மனிசிக்குக் காட்டுறாள். மனிசி காதை வைச்சு, கண்ணையும் மூடிக்கொண்டு, “ஓ, கேக்குது ராத்தா” எண்டு சொல்லுது. நானும் போய் வைச்சுப் பாத்தன். எனக்கு ஒண்டும் கேக்கேல்லை.

ஜும்மாத் தொழுகை முடிஞ்சு சாப்பாடு. பெரிய தட்டிலை சோத்தைக் குவிச்சு, மேலை இறைச்சியை வைச்சு, சுத்தவர ஆறு பேர் பாயிலை இருந்து ஒரே தட்டிலை கை வைச்சுச் சாப்பிடுவினம். அதைச் சஹன் எண்டு சொல்லுறது. ஒரு சஹனிலை ஆர் ஆரோடை இருக்கினம் எண்டது லேசுப்பட்ட விசயமில்லை. சின்னனிலை ஒவ்வொரு கந்தூரிக்கும் நான் அவளுக்கு வலப்பக்கத்திலை இருந்தனான்.

இந்தமுறை வலப்பக்கத்திலை அந்த மனிசி இருந்தது. எனக்கு அவள் ஒரு கதிரை போட்டு, கையிலை மூடின சோத்துக் கோப்பை ஒண்டைத் தந்து, “நீ இதிலை இரு” எண்டாள். எல்லாரும் பாயிலை, நான் மட்டும் அரசாங்கக் கச்சேரியிலையிருந்து வந்த ஐயா மாதிரிக் கதிரையிலை. அப்ப நான் இவளுக்கு விருந்தாளியாப் போனன். வெளி ஆள்.

கோப்பையைத் திறந்தும் பாக்கேல்லை. கதிரையிலை வைச்சுப்போட்டு எழும்பிப் போய், “கொஞ்சம் தள்ளுங்கோ” எண்டு ரண்டு பேருக்கும் நடுவிலை குந்தினன். மனிசி தள்ளி இருந்தது. நல்ல கொழுத்த இறைச்சித் துண்டாப் பாத்து எடுத்து, சோத்தோடை பிசைஞ்சு வாய்க்குக் கொண்டுபோறன், அவள் என்ரை மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சாள்.

“எடி விசரி, உங்கட தவக்காலமெல்லே. இண்டைக்கு வெள்ளிக்கிழமை.”

தவக்காலத்து வெள்ளியிலை எங்கட வீட்டிலை இறைச்சி அடுப்பிலை ஏறாது. நான் அதைத் துப்பரவா மறந்துபோனன். அவள் மறக்கேல்லை. கதிரையிலை கிடந்த கோப்பையை எட்டி எடுத்துத் திறந்தாள். சோறு, பருப்பு, பொரிச்ச பாரை மீன். இறைச்சிச் சட்டி படாமல் விடியவே தன்ரை குசினியிலை தனியாச் சமைச்சுக் கொண்டுவந்திருக்கிறாள். என்ரை கையிலை இருந்த சோத்துப் பிடியை என்ன செய்யிறது எண்டு நான் முழிக்க, குனிஞ்சு அதைத் தன்ரை வாயிலை வாங்கிக்கொண்டாள். அத்தினை பேர் பாத்துக்கொண்டிருக்க.

அப்ப பக்கத்திலை இருந்த மனிசி வாய் திறந்தது.

“எனக்குச் சீனி வருத்தம் எண்டு எத்தனை தரம் சொல்லீட்டன். இந்த ராத்தா இண்டைக்கும் தேத்தண்ணியில சீனியப் போட்டுத்தான் தந்தா. உங்கட வெள்ளிக்கிழமை மட்டும் அவவுக்கு மறக்கிறதில்ல. அங்க முகாமிலயும் உங்கட கதைதான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சிட்டு.”

சொல்லிப்போட்டு அவா சிரிச்சா. சிரிப்பு வாயிலை மட்டும்தான். காலமை தொடக்கம் நானும் அப்பிடித்தான் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சனான், எனக்குத் தெரியாதோ?

பாவமாயிருந்தது எண்டு சொல்ல ஆசைதான். இல்லை. எனக்குச் சந்தோசமாயிருந்தது. பிறகு மீனைப் பிச்சு ஒரு துண்டை அவாவின்ரை பக்கம் வைச்சன். நடுத்துண்டைக் குடுக்க மனம் வரேல்லை. வாலைத்தான் வைச்சன்.