இரைச்சல் மூச்சு வாங்காது

எங்கள் கட்டடத்தில் அவருக்குக் ‘கீறல்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அவருடைய வீட்டுக்காரி மட்டும் கோபம் வந்தால் சொல்லிவிடுவார். "கல்யாணத்துக்கு முன்னாடி ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா, மாப்பிள்ளைக்குக் கழுவுற வியாதி இருக்குன்னு?" என்று படியில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் நியாயம் கேட்பார். கழுவுவது பாத்திரமாக இருந்தாலாவது அவருக்கு ஒத்தாசை. இவர் கழுவுவதோ பழைய இசைத்தட்டுகள்.

பகலில் பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கும் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து, கையிலிருக்கும் கிரீசைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதே கையோடு தட்டுகளை எடுத்து வைத்துக்கொள்வார். பழைய தட்டு விற்கும் கடைக்காரர் ஒருவர் பெட்டி பெட்டியாகக் கொடுத்தனுப்புவார். யார் யாருடைய வீடுகளையோ காலி செய்யும்போது வந்தவை. தூசி, பூஞ்சை, விரல் ரேகை, ஒன்றிரண்டில் தேநீர்க் கறை. சமையலறைத் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து, ஒரே ஒரு சொட்டு சோப்பு விட்டு, நடுவிலிருக்கும் காகிதம் நனையாமல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, வெல்வெட் சுற்றிய கட்டையால் கோடு போகிற வாட்டத்திலேயே துடைப்பார். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தால் போச்சு. பிறகு பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் ஒரு அலசல். காய வைப்பது சாப்பாட்டுத் தட்டுகள் நிற்கும் அதே கம்பித் தாங்கியில்.

எதற்கும் மசியாத அழுக்கென்றால் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைத் தட்டு முழுக்கப் பூசி, காயவிட்டு, விளிம்பில் நகத்தைக் கொடுத்து ஒரே உரியாக உரிப்பார். உள்ளே கிடந்த அழுக்கெல்லாம் பசையோடு வந்துவிடும். உரிக்கிற நேரத்தில் வீடு தீப்பிடித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். நானாக இருந்தால் அந்த உரி பாதியில் அறுந்துவிடுமோ என்று பதறியே செத்திருப்பேன்.

இரைச்சல் என்றால் அவருக்கு ஆகாது. தட்டிலிருந்து வரும் பாட்டைக் கம்ப்யூட்டரில் பதியும்போது, நடுவில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவைத்திருப்பார். பாட்டு சற்று அடங்கும் இடத்தில், பின்னால் கேட்கும் ‘ஸ்ஸ்’ என்ற சத்தத்தை அந்தப் பெட்டி கதவைச் சாத்துகிற மாதிரி சாத்திவிடும். வீட்டுக்காரி தூசி தட்டும்போது கைபட்டு அதன் சுவிட்சு அணைந்துவிடுகிறது என்று, அதை ஓடுகிற பக்கமே தள்ளி மேலே கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டார். நாளடைவில் அங்கே ஒரு சுவிட்சு இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

இந்த நிலையில்தான் மேல்மாடித் தையல்காரம்மா ஒரு தலையணை உறையில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று கட்டடத்தில் பாதிப் பேருடைய இடுப்பளவு தெரிந்தவர். தனியாள். தலை முழுக்க நரை.

"தம்பி, இதைக் குளிப்பாட்டித் தரணும்."

உறைக்குள் ஒரு தட்டு. கையில் வாங்கியதுமே கனம் வித்தியாசமாக இருந்தது. நடுத் துளையின் ஓரத்தில் வெள்ளிக் கோடு மாதிரி உலோகம் தெரிந்தது. அலுமினியத் தகட்டின்மேல் கறுப்பாக ஒரு படலம். கடையில் அச்சடித்து விற்ற தட்டல்ல. அந்தக் காலத்தில் கண்காட்சிகளில் கூண்டு மாதிரி ஒரு அறை இருந்ததாம். உள்ளே நின்று பேசினால், பேசுவதை அப்படியே தட்டில் வெட்டிக் கையில் கொடுத்துவிடுவார்களாம். வெட்டினது ஒன்றுதான், வேறு பிரதி கிடையாது. மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது.

"இதுல எங்கம்மா இருக்காங்க. அவங்க போனப்போ எனக்கு ஒரு வயசு ஆகலை. மூஞ்சி போட்டோவுல இருக்கு. குரல்தான் எப்படி இருக்கும்னு தெரியாது. அப்பா சாகுற வரைக்கும் இதைப் பூட்டியே வெச்சிருந்தார். கேட்டா, ஓட்டினா தேஞ்சிடும்னுவார். ஒரே ஒரு தரம் கேட்டுட்டேன்னா போதும் தம்பி."

"பூஞ்சைதான்க்கா. ரெண்டு நாள்ல பளிச்சுன்னு பண்ணிடறேன்" என்றார் கீறல். அந்த வார்த்தையை நினைத்து அவர் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டது தனிக் கதை.

பூஞ்சை இல்லை. உலர்ந்த துணியால் ஓரத்தில் லேசாக ஒற்றிப் பார்த்தார். துணியில் வெள்ளையோடு கறுப்பும் வந்தது. படலமே செதில் செதிலாக விட்டுக்கொண்டிருந்தது. பயந்துபோய்க் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"தண்ணி பட்டுதாண்ணே?"

"இன்னும் இல்ல."

"படவே கூடாது. ஸ்பிரிட்டை அந்தப் பக்கமே கொண்டு போகாதீங்க. பசையைப் பூசி உரிச்சீங்கன்னா கையில வெறும் தகடுதான் மிஞ்சும்."

"அப்போ இதை எப்படித்தான் கழுவுறது?"

"கழுவ முடியாதுண்ணே. அது அழுக்கே இல்ல. உள்ளே இருக்கிற எண்ணெய்ப்பசை வெளியே வந்து பூத்திருக்கு. வயசான கோளாறு. பெரிய இடங்கள்ல இதுக்குன்னே ஆள் இருக்காங்க. ஆனா தபால்ல குலுங்கிப் போய்ச் சேர்றதுக்குள்ள பொடியாயிடும். நீங்களே ஒரு தரம் ஓட்டிப் பதிஞ்சுக்கங்க. ஓடினா உங்க அதிர்ஷ்டம். ரெண்டாவது தரம்னு ஒண்ணு கிடையாது."

தட்டை வெள்ளைக் காகிதம் விரித்து அலமாரிமேல் படுக்க வைத்தார். தினமும் டிப்போவிலிருந்து வந்ததும் எட்டிப் பார்ப்பார். தினமும் காகிதத்தில் மிளகுத்தூள் மாதிரி கொஞ்சம் உதிர்ந்திருக்கும். தொட்டாலும் உதிர்கிறது, தொடாவிட்டாலும் உதிர்கிறது. கழுவத் தெரிந்த மனிதனுக்குக் கழுவக் கூடாத ஒரு பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏற்கனவே சுத்தமாக இருந்த வேறு தட்டுகளை எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

படியில் தையல்காரம்மா எதிர்ப்பட்டால் வேறு, "என்ன தம்பி, அம்மா குளிச்சாச்சா?" என்று சிரிப்பார்.

"இன்னும் இல்லக்கா."

ஒருநாள் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். தையல்காரம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார்.

"ஒரே தரம்தான்னா நான் பக்கத்துல இருக்கக் கூடாது. இருமித் தொலைப்பேன், இல்லைன்னா அழுது கெடுப்பேன். நீங்க பதிஞ்சு வெச்சுட்டுக் கூப்பிடுங்க. பதிஞ்சதை எத்தனை தரம் வேணாலும் கேக்கலாமில்ல?"

"கேக்கலாம்க்கா."

விடுமுறை நாள் மத்தியானம் வேலையை வைத்துக்கொண்டார். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். மின்விசிறியை நிறுத்தினார். ஸ்பீக்கர் அதிர்ந்தால் செதில் கழன்றுவிடும் என்று அதையும் அணைத்தார். "நான் மூச்சு விடலாமா, அதுக்கும் ஏதாவது பிளக் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரி அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஊசியை வைத்துவிட்டு, கையில் மெல்லிய தூரிகையோடு தட்டின் பக்கத்தில் மண்டியிட்டார். ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் ஊசியே கொசு மாதிரி மெல்லப் பாடும். காதைக் கிட்டே கொண்டுபோனால் கேட்கும். கேட்டது. முதலில் ஒரு ஆண் குரல். பிறகு ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. ஊசி போன வழியில் பென்சில் சீவின மாதிரி கறுப்புச் சுருள் எழும்ப எழும்ப, அவர் தூரிகையால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். நடுநடுவே ‘உஷ்’, ‘உஷ்’ என்று ஒரு சத்தம். ஐயோ, படலம் பெயர்கிறது என்று நினைத்தார். பெயர்ந்து முடிவதற்குள் தட்டு முடிந்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டார்.

முடிந்துவிட்டது. கடைசி வரை ஓடிவிட்டது.

"ஓடிடுச்சு!" என்று கத்தினார். வீட்டுக்காரி வெளியே வந்து, "பிரசவம் பார்த்த மாதிரி வேர்த்திருக்கீங்க" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டார். துடைத்த கையோடு மேலே போய்த் தையல்காரம்மாவிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

கீறல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிந்ததை ஓட விட்டார்.

"பேசு… ஏதாவது பேசேன்… ஓடிக்கிட்டிருக்கு" என்று ஆண் குரல். குழந்தை அழுகை. அழுகை ஓய்ந்ததும் நிசப்தம். கழுவித் துடைத்து வைத்த நிசப்தம். மறுபடி அழுகை. மறுபடி நிசப்தம். "அவ்வளவுதான், முடியப் போகுது" என்று ஆண் குரல். முடிந்தது.

தாய் ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்ப ஓட விட்டார். அந்த ‘உஷ்’ எங்கே? தட்டு பெயர்ந்த சத்தமென்றால் அழுகைக்கு நடுவிலும் வந்திருக்குமே. குழந்தை மூச்சு இழுக்க நிறுத்தின இடத்தில் மட்டும் எப்படி வரும்? நீளமாக ஒன்று, சற்று இடைவெளி, மறுபடி ஒன்று. அந்த இடைவெளி எதற்கு? இரைச்சல் மூச்சு வாங்காது. இது வாங்கியது; அழுகிற குழந்தையை அமர்த்துகிற மூச்சு.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திருப்பினார். கறுப்பு டேப் அப்படியே இருந்தது.

டேப்பைப் பிய்த்துச் சுவிட்சை அணைத்து, ஊசியைத் தூக்கி மறுபடி தட்டின் தொடக்கத்தில் வைத்தார். வைக்கும்போதே தெரியும். ஊசி வெறும் அலுமினியத்தில் பனியில் சறுக்குகிற மாதிரி சறுக்கிக்கொண்டு போய் நடுத் துளையில் இடித்து நின்றது.

"சொல்லாம விட்டுடலாமே" என்றார் வீட்டுக்காரி, விஷயத்தைக் கேட்டுவிட்டு. "அம்மா பேசலைன்னு நெனச்சுக்கட்டும். அது உங்க தப்பில்லயே."

"பேசலைதான். ஆனா இருந்தாங்களே."

அதற்குள் கதவு தட்டப்பட்டது. தையல்காரம்மா வெளியே போகும்போது கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தார். அளவு நாடாவைக் கழற்ற மறந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். கீறல்தான் ஹெட்போனை மாட்டிவிட்டார்.

"அப்பா! இவ்வளவு சின்னப் பையனாவா இருந்தார்?" என்று சிரித்தார். பிறகு, "அழுறது நானா? என்ன தொண்டை!" என்றார். பிறகு கையை உயர்த்தி, பேசாதீர்கள் என்கிற மாதிரி காட்டினார். முடிந்த பிறகும் சற்று நேரம் கையை இறக்கவில்லை.

"அம்மா இனிமேதானா?"

கீறல் சொன்னார். பெட்டியைக் காட்டினார், டேப்பைக் காட்டினார், ஊசியில் கேட்டதைச் சொன்னார். எல்லாம் முன்பின்னாகக் குழறிக்கொண்டு வந்தது. "அழுக்குன்னு நெனச்சு எடுத்திருச்சுக்கா. பெட்டியைச் சொல்லிப் புண்ணியமில்ல. டேப் ஒட்டினது நான்தான்."

தையல்காரம்மா பெட்டியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். வையவில்லை. வைதிருந்தால் தேவலை என்று இருந்தது இவருக்கு.

"மொத்தத் தட்டுலயும் நான்தான் அழுதிருக்கேன்" என்றார். "அவங்களைப் பேச விட்டேனா பாருங்க."

"அக்கா…"

"எப்படி இருந்துச்சு தம்பி? பண்ணிக் காட்டுங்க."

"எனக்கு வராதுக்கா."

"கேட்டது நீங்க ஒருத்தர்தானே. பண்ணுங்க."

"பண்ணுங்களேன்" என்றார் வீட்டுக்காரியும்.

கீறல் உதட்டைக் குவித்து, "உஷ்ஷ்" என்றார்.

"பஸ் கதவு திறக்கிற மாதிரி இருக்கு" என்று வீட்டுக்காரி சொல்லிவிட, தையல்காரம்மா முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் மெதுவாவா?" என்றார்.

"ஆமாக்கா. இன்னும் மெதுவா. நீளமா ரெண்டு. அப்புறம் குட்டியா ஒண்ணு."

"எங்கே."

தையல்காரம்மா கண்ணை மூடிக்கொண்டார். இவர் அடுத்தவர் வீட்டுத் தொட்டிலைத் தொடுகிற பயத்தோடு, மெதுவாக, இரண்டு நீளம், ஒரு குட்டி. தையல்காரம்மா கண்ணைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

இப்போதெல்லாம் அவர் அடிக்கடி இறங்கி வருகிறார். தைத்த துணி எதையாவது கொடுக்கிற சாக்கில் வாசலிலேயே நின்று, "தம்பி, ஒரு தரம்" என்பார். கீறலும் செய்வார். மறுக்க முடியுமா? பெட்டி இப்போது பரணில் கிடக்கிறது. இரைச்சலோடேயே பதிகிறார். கடைக்காரர் முணுமுணுக்கிறார்.

கீறலின் கவலை வேறு. டிப்போவில் நாள் முழுக்கப் பிரேக்கிலிருந்து காற்று ‘உஷ்’ என்று வெளியேறிக்கொண்டே இருக்கிறது. காதை மூடிக்கொண்டு வேலை பார்க்க முடியாது. ஒவ்வொரு தரம் செய்து காட்டும்போதும், போன தரம் செய்ததுதான் நினைவுக்கு வருகிறது. ஊசியில் கேட்டது வருவதில்லை. நீளமாக இரண்டா, மூன்றா என்று வீட்டுக்காரியைக் கேட்டுப் பார்த்தார். "நான் கதவைச் சாத்திட்டு மூச்சைப் பிடிச்சுட்டு உக்கார்ந்திருந்தேன். என்னைக் கேட்டா?" என்றார் அவர்.

போன வாரம் செய்து காட்டியபோது தையல்காரம்மா கண்ணைத் திறந்தார்.

"இல்லையே தம்பி. கடைசியில குட்டியா ஒண்ணு வருமே."

"ஆமாக்கா, விட்டுட்டேன்" என்று சொல்லி, தையல்காரம்மா சொன்ன மாதிரியே செய்தார் கீறல்.