சவுண்டு அப்பா ஆன கதை

என் தங்கை புருஷனை ஊரே 'சவுண்டு' என்றுதான் கூப்பிடும். மைக் செட்டும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடும் கடை வைத்திருப்பதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கடையைச் சாத்திய பிறகும் ஓயாத தொண்டையால் வந்த பெயர் என்பது மற்றவர்களுக்குத் தெரியும். அவர் வீட்டில் உப்பு கேட்டால் பக்கத்துத் தெருவில் யாராவது எடுத்து நீட்டுவார்கள்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் போயும் குழந்தை இல்லை. சொந்தக்காரர்கள் வாயைத் திறப்பதற்குள் சவுண்டு முந்திக்கொண்டார். "எனக்கு டெஸ்ட் பண்ணியாச்சு. அணு கோடிக்கணக்குல இருக்குன்னு டாக்டரே மிரண்டு போயிட்டாங்க. இனிமே இவளுக்குத்தான் பார்க்கணும்" என்பார், அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே. அவள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். ஒரு வகுப்பையே பார்வையால் அடக்குகிறவள் இந்த ஒரு வாயிடம் தோற்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்குப் பார்த்தார்கள். மாத்திரை, ஸ்கேன், வயிற்றில் துளை போட்டு உள்ளே கேமரா. எதிலும் ஒரு குறையும் அகப்படவில்லை. கடைசியில் டாக்டரம்மா, கருமுட்டையை வெளியே எடுத்து லேபில் கரு உண்டாக்கலாம் என்றார். முட்டை வளர்வதற்குத் தினமும் வயிற்றில் ஊசி. சவுண்டுக்கு ஊசியைப் பார்த்தால் மயக்கம் வருமாம். அதனால் நான்தான் போய்ப் போட்டுவிடுவேன். அவர் அடுத்த அறையில் நின்றுகொண்டு, "கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும், ஒண்ணும் பயப்படாதே" என்று தைரியம் சொல்வார்.

முட்டை எடுக்கும் நாள் வந்தது. தங்கைக்கு மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். நர்ஸ் ஒரு சின்ன டப்பாவை சவுண்டிடம் நீட்டி, மூலையில் இருந்த அறையைக் காட்டினார்.

"வீட்டுக்குப் போயி கொண்டு வந்துடறேனே? டெஸ்டுக்கு அப்படித்தானே குடுத்தேன்?"

"இன்னிக்கு இங்கயேதான் சார் குடுக்கணும்."

வண்டியைப் பூட்டினேனா என்று பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டு, டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு அவர் கீழே இறங்கினார். திரும்பி வந்தது அவரில்லை, அவருடைய தம்பி. கடை வேனை ஓட்டுகிறவன். மூன்று பிள்ளைகளுக்கு அப்பன். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். டெஸ்டுக்குக் குடுத்தது அண்ணனோடது இல்ல. என்னோடது."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "எதுக்கு அப்படிப் பண்ணே?" என்றேன்.

"காலைப் பிடிக்காத குறையா கேட்டாரு. வெறும் டெஸ்ட்தானேன்னு குடுத்துட்டேன். இன்னிக்கும் அதுக்குத்தான் என்னை வண்டியில உட்கார வெச்சிருக்காரு. குழந்தைக்குன்னு இப்பத்தான் சொல்றாரு. என்னால முடியாதுக்கா. என் பிள்ளை என்னைச் சித்தப்பான்னு கூப்பிடுறதை நான் எப்படிப் பார்த்துட்டு நிப்பேன்?"

பொய்யர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டி மயங்கிக் கிடக்கும்போது அவளுக்கே தெரியாமல் தம்பியின் பிள்ளையை அவள் வயிற்றில் வைத்துவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு அப்பா என்று உட்காரத் துணிந்தவரை அன்றுதான் பார்த்தேன். நேராக டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். சவுண்டைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. குடும்ப மானம்..."

"எந்தக் குடும்பம் மாப்பிள்ளை? உள்ள கிடக்கிறாளே, அவ உங்க குடும்பம் இல்லையா?"

அவரிடமிருந்து அசல் மாதிரியை வாங்கிப் பார்த்தார்கள். ஒரு விந்தணுகூட இல்லை. வேறொரு லேபில் ரகசியமாகப் பார்த்ததில், இது அவருக்கு முன்பே தெரியுமாம். எடுத்த முட்டைகளை உறைய வைத்துவிட்டு டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்: விதைப்பையைத் திறந்து மைக்ராஸ்கோப் வைத்துத் தேடலாம், நாலைந்து அணு கிடைத்தாலும் போதும், ஒரு முட்டைக்குள் ஓர் அணு என்று செலுத்திவிடலாம், ஆனால் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. சவுண்டு கேட்டது ஒரே கேள்வி: "வெளியில தழும்பு தெரியுமா டாக்டர்?" யார் பார்க்கப்போகிறார்கள் என்று டாக்டரம்மா கேட்கவில்லை. நாகரிகமானவர்.

மயக்கம் தெளிந்ததும் தங்கையிடம் நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை.

"இத்தனை நாளா என்னைக் குத்திக் குடைஞ்சாங்க. அவர் பக்கத்துல உட்கார்ந்து ஆரஞ்சு உரிச்சுத் தின்னுட்டு இருந்தாரு" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்கு வந்துவிட்டாள். சவுண்டு போன் மேல் போன் போட்டு அழுதார். "முதல்ல ஆபரேஷன். மத்ததை அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டாள். அவருக்குத் திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்டது. கடையில் வேலை தலைக்கு மேல் வந்தது. எவனோ விற்ற பொடியைப் பாலில் கலந்து குடித்துப் பார்த்தார். எல்லாச் சாக்கும் தீர்ந்த பிறகு ஒருவழியாக வந்து படுத்தார்.

ஆபரேஷனுக்கு முன்னால் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமே கிடைக்கலன்னா என்னை விட்டுடுவியா?" என்று கேட்டார்.

"தெரியல" என்றாள்.

கதவருகே நின்ற எனக்கு அவர் குரல் பாதிதான் எட்டியது. ஒரு நிமிடம் பாவமாகக்கூட இருந்தது. அடுத்து நர்ஸ் ஊசியோடு வந்தபோது அவர் போட்ட கூச்சலில் அந்தப் பாவமும் கலைந்துபோனது.

லேபில் இருந்தவர்கள் மணிக்கணக்காகத் தேடி, குற்றுயிராகக் கிடந்த சில அணுக்களைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு கரு உருவாகி, ஒன்று நின்றது. கருவை வயிற்றில் வைப்பதற்கு முதல் நாள், வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்று அவளிடம் கேட்டிருந்தேன். "எனக்குக் குழந்தை வேணும்க்கா. அவரும் கூட வர்றாரு, அவ்வளவுதான்" என்றாள் தங்கை.

பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்களை வரிசையாக உட்கார வைத்துக்கொண்டு சவுண்டு ஆரம்பித்தார்.

"எங்க வம்சம்னா சும்மாவா? இவளுக்கு உடம்பு தேறினதுதான் தாமதம், முதல் தடவையே நின்னுடுச்சு!"

தம்பி தரையைப் பார்த்தான். தங்கை குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, கரும்பலகையில் விடையை எழுதுகிற நிதானத்தோடு சொன்னாள்:

"எனக்கு ஒரு குறையும் இல்ல. குறை அவருக்குத்தான். ஆபரேஷன் பண்ணித் தேடி எடுத்தாங்க."

சவுண்டு சிரித்தார். கூடச் சிரிக்க யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் இல்லை. "யாரோ தண்ணி கேட்டீங்கல்ல?" என்று, யாருமே கேட்காத தண்ணீரை எடுக்க உள்ளே போனார்.

தங்கை குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். அது ஒரு ஏப்பம் விட்டுவிட்டுத் தூங்கிப்போனது.