அப்பாவும் ஆக்சிஜன் சென்சாரும்

அப்பாவுக்குச் சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மலைமேல் இருக்கும் மஞ்சக்குட்டையிலிருந்து சேலத்துக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது என் பொறுப்பானது. வீட்டில் நாங்கள் இருவர்தான். எஸ்டேட் ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். எனக்கு அது பாரமாகவே தெரியவில்லை. அவருக்குத்தான் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலிலேயே உருட்டி டீசல் மிச்சம் பிடித்தவர். அந்தக் காலத்து மலை டிரைவர்கள் பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. நான் பெட்ரோல் பங்கில் காரை நிறுத்தும்போதெல்லாம் ஏதோ தப்பு செய்தவர்போல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் சட்டை போடாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இனி நா வர்ல கண்ணு. என்னைக் கொண்டுபோயிக் கொண்டாரதுக்கே உன்ற சம்பளம் பூரா பெட்ரோலா எரியுது. போதுஞ்சாமி."

போகாவிட்டால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும். டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். கத்தினேன், அழுதேன், சோறு தின்ன மாட்டேன் என்று மிரட்டினேன். அன்றைக்கு எப்படியோ காரில் ஏறினார். அடுத்த முறை ஏறுவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

அப்போதுதான் சேலத்து மெக்கானிக் ஒருவர் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் ஒரு சின்னப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. எரிந்த புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்த்துக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அது அதற்கேற்பப் பெட்ரோலை விடும். இந்தப் பெட்டி நடுவில் உட்கார்ந்துகொண்டு, பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று ஒரு பொய்யைக் கலந்து அனுப்பும். கம்ப்யூட்டரும் நம்பிக் குறைத்துவிடும். பொய்யின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ். ரொம்பத் திருகினால் இன்ஜின் பட்டினி கிடந்து இழுக்காது, சூடேறும் என்று எச்சரித்துவிட்டு, மெக்கானிக்கே அதைக் காரில் மாட்டிக் கொஞ்சமாகத் திருகி வைத்தார்.

அப்பாவிடம் நான் கூசாமல் அளந்துவிட்டேன். "இனிமே பெட்ரோல் பாதிதானுங்கப்பா!"

அவர் குனிந்து, தன் முழங்காலுக்கு எதிரே டேஷ்போர்டின் அடியில் இருந்த பெட்டியை நிதானமாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

சில வாரம் பிரச்சினை இல்லாமல் ஓடியது. ஒரு மழை நாளில், டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது மெயின் ரோட்டில் பாறை சரிந்திருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். குப்பனூர் வழியாகப் போகும் மாற்றுப் பாதையில் ஏறினோம். அப்பாவுக்கு அன்று பிரஷர் இறங்கியிருந்தது. வீட்டுக்குப் போனதும் படுக்க வையுங்கள் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

ஏற்றம் தொடங்கியதுமே கார் முரண்டு பிடித்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் முன்னே போகாமல் குலுங்கியது. இன்ஜினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம். டேஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சூடு காட்டும் முள் மேலே மேலே போயிற்று. முன்னால் பனிமூட்டம், போனில் சிக்னல் இல்லை. நடுவழியில் அவர் மயங்கிவிட்டால் என்ன செய்வேன் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. ஒரு கொண்டை ஊசி வளைவின் நட்டநடுவில் இன்ஜின் அணைந்தது.

கார் பின்னால் நழுவியது. பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தேன். பின்பக்கம் பள்ளம். கைபிரேக் பெயருக்குத்தான் இருந்தது. கியரை நம்பிக் காலை எடுக்கவும் தைரியம் வரவில்லை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க மலை வண்டிகளில் எப்போதும் ஒரு கல் கிடக்கும். எங்கள் காரிலும் பின்சீட்டுக்குக் கீழே இருந்தது. நான் இறங்கினால்தானே எடுக்க முடியும்!

கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, வேண்டாமுங்க! அந்தக் கையில கனம் தூக்கக் கூடாதுங்க!"

டயாலிசிஸுக்கு ஊசி குத்தும் கை அது. நரம்பு அறுந்தால் ரத்தம் நிற்காது. அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. காரைப் பிடித்துப் பிடித்து நடந்து, நல்ல கையால் கல்லை வெளியே இழுத்து, பின்சக்கரத்துக்கு அடியில் காலாலேயே தள்ளினார். கண்ணாடியில் அவர் தலை மறைந்தது. இந்த நேரத்தில் என் கால் வழுக்கினால் காரே அவர்மேல் ஏறிவிடும். இரண்டு காலையும் எடுக்காமல் மிதித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன்பு அனுபவித்ததில்லை.

"உடு கண்ணு, நிக்குது" என்றார்.

மெல்லக் காலை எடுத்தேன். நின்றது. ஓடிப்போய் அவரைத் தாங்கி உட்கார வைத்தேன். மூச்சு அடங்க வெகுநேரம் ஆனது.

"அந்தக் குமிழ நாந்தான் திருகுனேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "காலைல எறங்கையில கொஞ்சம் திருகிப் பார்த்தேன். வண்டில ஒரு மாத்தமும் இல்ல. செரி, இன்னும் மிச்சமாவட்டும்னு கடைசி வரைக்கும் திருகி உட்டுட்டேன்."

இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்காத கார் பெட்ரோலே கேட்காது. குமிழ் எங்கே நின்றாலும் அதற்கு ஒன்றுதான். ஏற்றத்தில்தான் பசி தெரியும். காலமெல்லாம் இறக்கத்தில் மிச்சம் பிடித்த மனுஷன், இதையும் இறக்கத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பெட்டியை ஒயர்களோடு பிடுங்கி, சென்சாரின் ஒயரைப் பழையபடி மாட்டினேன். இன்ஜின் ஆறியதும் சாவியைத் திருகினேன். முதல் தடவையிலேயே உறுமியது. "இந்தச் சனியனை இங்கயே பள்ளத்துல எறியறேன் பாருங்க!" என்று ஜன்னலுக்கு வெளியே கையை ஓங்கினேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் பலமே இல்லை.

"எறிஞ்சிராத சாமி. அது இருக்குங்கற தைரியத்துலதான் நா வண்டியில ஏறறேன்."

ஓங்கிய கையை இறக்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். மலை ஏறி முடிக்கும்வரை அழுதுகொண்டேதான் ஓட்டினேன்.

மறுநாள் பெட்டியை அதே இடத்தில் திருகாணி போட்டு மாட்டினேன். ஒயர்களை எதிலும் சேர்க்காமல், நுனியை டேப் சுற்றி உள்ளே செருகினேன். அடுத்த டயாலிசிஸ் நாளில் அப்பா நான் கூப்பிடுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்தார். குனிந்து, பயந்து பயந்து, குமிழை ஒரு துளி மட்டும் திருகினார்.

"இவ்வளவு போதுமா கண்ணு?"

"போதுங்கப்பா. இப்பவே நொம்ப மிச்சமாவுதுங்க."

சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, "அப்பப் போலாம்" என்றார்.