சுப்பையன் எழுதி வாங்கிய ஒப்பந்தம்

மேட்டூர் அணை கட்டி முடித்த மறுவருஷம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சுப்பையன் சலூன் திறந்தார். ஆளுயரக் கண்ணாடி, சுழல் நாற்காலி இரண்டு, வாசலில் பெயர்ப்பலகை. மனிதருக்கு எல்லாம் இருந்தது. யாரையும் நம்புகிற குணம் மட்டும் இல்லை. பால்காரி கண்ணெதிரே கறந்து ஊற்றினாலும் செம்பை ஆட்டிப் பார்ப்பார்.

கூட்டம் சேர்ந்ததும் இரண்டாவது நாற்காலிக்கு ஆள் தேவைப்பட்டது. தொழில் படிந்தவன் எதிரிலேயே கடை போட்டுவிடுவான், வாடிக்கையும் அவன் பின்னால் போய்விடும் என்பது சுப்பையனின் பயம். இது யாரோ சொல்லிக் கேட்டதல்ல. கோட்டைப் பக்கம் கைலாசம் என்பவரிடம் தொழில் கற்று, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் விலகி, அவர் வாடிக்கையில் பாதிக்கு மேல் இழுத்துக்கொண்டு வந்தவர்தானே இவர்! கைலாசம் கடையைச் சாத்திவிட்டு எங்கே போனார் என்று சுப்பையன் விசாரிக்கவில்லை. விசாரிக்க முகம் வேண்டாமா?

வேலை கேட்டு வந்த ஒருவனுக்குக் கை நன்றாக ஓடியது. "நிக்கமாட்டான்" என்று அனுப்பிவிட்டார். இன்னொருவன் சம்பளம் குறைத்துக் கேட்டான். "இவன் ஏதோ திட்டம் போட்டு வந்திருக்கறான்" என்று அவனையும் அனுப்பினார்.

"ஏனுங்க, கத்தியே புடிக்கத் தெரியாதவன் வந்தாத்தான் சேத்துவீங்களா?" என்றாள் மனைவி பெருமாயி.

கடைசியில் ஓமலூரிலிருந்து சின்னுசாமி வந்தான். அவனுக்காக ஸ்டாம்புப் பத்திரமே தயாரானது. ஐந்து வருஷம் விலகக் கூடாது, சேலத்தில் தனிக்கடை கூடாது, சலூனுக்கு வெளியே யார் முகத்திலும் கத்தி வைக்கக் கூடாது. சின்னுசாமி முழுக்கக் கேட்டான், மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான். ஒரு பேச்சுக்காவது தகராறு பண்ணியிருக்கக் கூடாதா? சுப்பையன் பத்திரத்தை மறுபடி முதலிலிருந்து படித்துப் பார்த்தார்.

பையனுக்குப் பூப்போன்ற கை. சீக்கிரமே ஜவுளிக்கடைக்காரர்கள் சுப்பையனின் நாற்காலி காலியாக இருந்தாலும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். இவன் எழுந்து போனால் கடையே எழுந்து போய்விடும் என்று சுப்பையன் தூக்கத்தைத் தொலைத்தார்.

செவ்வாய்க்கிழமை முகம் வழிக்க யாரும் ஒப்பமாட்டார்கள். அன்று சலூனுக்கு லீவு. ஆனால் லீவு நாள் தவறாமல் சின்னுசாமி கத்தி, கிண்ணம் வைக்கும் அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான்.

"லீவுல அடைப்பம் எதுக்குடா?"

"சும்மாதானுங்க. ஊட்டுக்குப் போயிட்டு வாரேன்."

சும்மாவாம்! அடுத்த செவ்வாய் சுப்பையன் பத்திரத்தை மடியில் செருகி, துண்டைத் தலையில் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு அவன் ஏறிய பஸ்ஸிலேயே ஏறினார். பயலைக் கையும் களவுமாகப் பிடித்து, பத்திரத்தை முகத்துக்கு நேரே நீட்டி, இனி வாலாட்டாதபடி செய்துவிட வேண்டும்.

ஓமலூரில் இறங்கியவன் சந்துக்குள் நுழைந்து ஓர் ஓட்டு வீட்டுக்குப் போனான். சுப்பையன் வேலிப்படலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். முருங்கை மரத்தடியில் கயிற்றுக் கட்டில். அதில் ஒரு கிழவர் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். சின்னுசாமி சோப்பு நுரை தடவிக் கத்தியை எடுத்தான்.

"மாட்டிக்கிட்டயா!" சுப்பையன் பத்திரத்தை உருவிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். "எழுதிக் குடுத்துட்டு எங்க வந்து தொழில் பண்ற?"

சின்னுசாமி கத்தியைத் தாழ்த்தினான். "இவரு என்ற மாமனாருங்க. வலக்கை விழுந்துபோச்சு, தானா வழிச்சுக்க முடியாது. எனக்கு லீவு இன்னிக்குத்தானுங்களே."

கிழவர் மெல்லத் திரும்பினார். பாதி முகம் நுரை. சுப்பையனுக்கு அதற்குமேல் அடையாளம் தேவைப்படவில்லை. கைலாசம்! பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"என்ற பேரச் சொன்னா நீ வேலை தரமாட்டீன்னு நாந்தான் சொல்ல வேண்டாம்னேன்" என்றார் கைலாசம். "வேற கடைக்குப் போகலாந்தான். ஆனா நல்ல தொழில் உன்ற கிட்டத்தான இருக்குது. நானே கத்துக் குடுத்ததாச்சே."

சுப்பையன் பத்திரத்தை மடிக்கப் பார்த்தார்.

"அதானா அது? இவன் சொன்னான்." கைலாசம் அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரலில் கோபமே இல்லை. "உன்றகிட்ட இப்படி ஒண்ணு எழுதி வாங்கோணும்னு எனக்குத் தோணவே இல்ல, சுப்பையா."

பிறகு மருமகன் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீ வழி சாமி, நுரை காயுது."