டீசல் அண்ணனைச் சும்மா உட்காரச் சொன்ன நாள்

பல்கலைக்கழகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேராசிரியர்களில் ஆரம்பித்து நேற்றுச் சேர்ந்த மாணவர்கள் வரை எல்லோருக்கும் அவர் டீசல் அண்ணன். மின்சாரம் போனதும் ஓடிப்போய் ஜெனரேட்டரைக் கிளப்புவது அவர் வேலை. ஓடிப்போய் என்றால் நிஜமாகவே ஓடித்தான். சாப்பாட்டில் இருந்தால் எச்சில் கையோடு ஓடுவார். ஒரு தடவை முடிவெட்டும் கடையிலிருந்து பாதித் தலையோடு ஓடி வந்ததை நூலகத்துப் பெண்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். உட்கார்ந்தால் எழுவார், எழுந்தால் நடப்பார். “உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு ஃபேனைக் கட்டிக்கிட்டிருக்கலாம். அதுவாவது சுவிட்சைத் தட்டினா நிக்கும்” என்பாள் மனைவி.

இப்பேர்ப்பட்ட மனிதரின் பிழைப்பில் வெயில் வந்து கை வைத்தது. எல்லாக் கூரைகளிலும் சோலார் தகடுகள், கீழே ஓர் அறை நிறைய பேட்டரிகள். கொண்டுவந்தவள் வேறு யாருமில்லை, அவருடைய அக்கா மகள். அங்கேயே இன்ஜினியர். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? அதுவும், ஜெனரேட்டர் போனாலும் பேட்டரி அறை மாமா பொறுப்பில்தான் இருக்கவேண்டும் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி வாங்கியவள். அவருக்குப் பெருமைதான். ஆனால் அந்த அறைக்குள் போனாலே உடம்பு கூசியது. சத்தமே இல்லை. ஒரு வேலை நடக்கிறதென்றால் கொஞ்சமாவது கத்த வேண்டாமா? ஊமைபோல நிற்கும் இரும்பு அலமாரிகளை எதை வைத்து நம்புவது?

சோதனை நாள் வந்தது. வெளி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலும் பேட்டரியும் மட்டுமே வளாகம் முழுவதையும் தாங்கவேண்டும். தாங்கினால் திட்டம் நிலைக்கும். கவிழ்ந்தால் அவளுடைய இத்தனை வருஷப் பாடும் கூரையில் கிடந்து காயவேண்டியதுதான். ஆரம்பத்திலிருந்தே திட்டத்தைப் பிடிக்காத பதிவாளர் வேறு எப்போது கவிழும் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தார்.

“மாமா, நீங்க ஜெனரேட்டர் ஷெட்ல சும்மா உட்காருங்க. நிஜமாவே கரண்ட் போனா மட்டும் கிளப்புங்க. போதும்” என்றாள் அவள்.

“சும்மாதானேம்மா? உட்கார்றேன்.”

சொல்லிவிட்டார், ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. நூலகம் வரை போய் மின்விசிறிகள் சுற்றுவதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த காலோடு விடுதிக்குப் போய் எட்டிப் பார்த்தார். எல்லாம் ஓடியது. ஓடுவதுதான் பயமாக இருந்தது. ஷெட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

மத்தியானத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வெயில் இல்லை. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தபடி நிமிர்ந்தால், எதிரே ஆய்வகக் கட்டடத்திலிருந்து மாணவர்கள் கும்பலாக வெளியே கொட்டினார்கள்.

அந்தக் காட்சிக்கு அவர் அகராதியில் ஒரே அர்த்தம்தான். கரண்ட் போனால்தான் பிள்ளைகள் அப்படி வருவார்கள். பாவம், அவர்கள் வந்தது குளிர்ந்த காற்று வாங்க. அவர் தலைக்கு மேலேயே ஷெட்டின் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்திருந்தால் போதும். மனுஷன் பார்த்தால்தானே! பாய்ந்து எஞ்சினைக் கிளப்பினார், கைப்பிடியை இழுத்து மின்சாரத்தை ஜெனரேட்டருக்கு மாற்றினார். மாறும் அந்த ஒரு நொடியில் வளாகம் முழுக்க விளக்குகள் அணைந்து எரிந்தன.

ஜெனரேட்டரின் உறுமல் காதில் விழுந்ததும் அன்றைக்கு முதல்முறையாக அவருக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

பதிவாளர் முகமெல்லாம் சிரிப்பாக வந்து அவர் தோளைத் தட்டினார். “நல்லவேளை, நீ இருந்தேய்யா! இல்லேன்னா மானம் போயிருக்கும்.”

“சார், கரண்ட் போகவே இல்ல. பேட்டரி பாதிக்கு மேல இருக்கு” என்று ஓடிவந்தாள் அக்கா மகள்.

“விளக்கு அணைஞ்சதை என் கண்ணாலேயே பார்த்தேம்மா. உன் கம்ப்யூட்டர் ஆயிரம் சொல்லும்.”

டீசல் அண்ணனுக்கு அப்போதுதான் பல்பு கண்ணில் பட்டது. என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், ஷெட் இருக்கும், சத்தம் இருக்கும், ஓடுவதற்கு வேலை இருக்கும். அந்த ஆசை வரத்தான் செய்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா வேண்டுமென்றே செய்துவிட்டாரோ என்கிற பார்வை. அதை அவரால் தாங்க முடியவில்லை.

“கரண்ட் போகல சார். பிள்ளைங்க வெளியே வந்ததைப் பார்த்து நான்தான் பதறிட்டேன். விளக்கு அணைஞ்சதுகூட நான் மாத்தினதாலதான்.”

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பதிவாளர் முகம் சுண்டிவிட்டது. “அப்ப பழையபடி மாத்தி விடு. சாயங்காலம் வரைக்கும் தாங்குதா பார்ப்போம்” என்று முணுமுணுத்துவிட்டு நடந்தார்.

டீசல் அண்ணன் கைப்பிடியைத் திருப்பிவிட்டு எஞ்சினை நிறுத்தினார். விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தன. கூட்டம் கலைந்தது. மறுபடியும் அந்த அமைதி வந்து உட்கார்ந்துகொண்டது.

“இப்ப நான் என்னம்மா செய்யணும்?”

“ஒண்ணும் செய்யக் கூடாது மாமா.”

“அது ஒண்ணுதாம்மா எனக்கு வராது” என்றார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் வரை அவளும் விடவில்லை, விளக்குகளும் அணையவில்லை.