ஒரு சுற்று டேப்

ஈயம் வைத்த ஒயர் ஆறியதும் அந்தக் கார் எலக்ட்ரீஷியன் மூன்று முறை இழுத்துப் பார்க்கிறார். அப்புறம் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, இன்னும் ஒரு முறை. ஹாரன் ஒயரானாலும் இதே கூத்துதான். வண்டிக்காரர் சாவியை வாங்கிக் கிளம்பிய பிறகும் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டுவார்: "ஒரு சின்ன சந்தேகம், பானெட்டைத் திறங்க." பட்டறையில் அவர் பெயரே 'சந்தேகம்' என்றாகிவிட்டது. காதுபடவே கூப்பிடுகிறார்கள். மனிதருக்குக் கோபம்கூட வருவதில்லை.

முன்பு இப்படி இல்லை. ஒயரை முறுக்கினோமா, டேப்பைச் சுற்றினோமா, அடுத்த வண்டிக்குப் போனோமா என்று இருந்தவர். பாவி மனிதர், தங்கையின் கணவருடைய காரையும் அப்படித்தான் செய்து கொடுத்தார். பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். சுவிட்சைப் போட்டால் முன்விளக்கு இரண்டும் பானெட்டிலிருந்து எழும்பி நிற்கும். அடிக்கடி அணைந்துபோகிறது என்று மாப்பிள்ளை கொண்டுவந்தார். "ஒண்ணும் ஆகாது, எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றார் இவர். நான்காம் நாள், இருட்டத் தொடங்கிய நேரம், கார் வளைவில் திரும்பாமல் பள்ளத்தில் உருண்டது. மாப்பிள்ளை பிழைக்கவில்லை.

தூங்கியிருப்பார் என்றார்கள். தங்கையும் அதையே நம்பினாள். அண்ணன் விளக்குப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆறு வருஷமாக அந்தக் கார் பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அரை மணி நேரத்தில் பிரித்துப் பார்த்திருக்கலாம். பயம்தான், வேறென்ன!

போன வாரம் தங்கை வந்தாள். "பொண்ணு தினமும் கேக்கறாண்ணா, அப்பா ஏன் தூங்கினாருன்னு. நானும் அவரைத்தான் திட்டிட்டே இருக்கேன். காருல ஏதும் கோளாறான்னு பார்த்துச் சொல்லேன்."

வேறு பேட்டரியை மாட்டி, விளக்கு சுவிட்சைப் போட்டுவிட்டு, உள்ளே படுத்தார். டேப் பிசினாக உருகியிருந்தது. உள்ளே செம்பு கருகிக் கிடந்தது. "என்னண்ணா?" என்றாள் தங்கை. என்ன சொன்னாலும் நம்புவாள். அவளுக்கு ஒயரைப் பற்றி என்ன தெரியும்?

வெளியே வந்து அவளைக் குனியச் சொன்னார். கரண்ட் வரும் இடத்தைத் தொட்டால் எரியும் சோதனை பல்பை அவள் கையில் கொடுத்து, டேப்புக்கு முன்னால் வைக்கச் சொன்னார். எரிந்தது. டேப்பைத் தாண்டி அரை அங்குலம். எரியவில்லை.

"நடுவுல இருக்கறது நான் முறுக்கினது" என்றார்.

அவள் முன்னால் வைத்தாள், தாண்டி வைத்தாள், மறுபடியும் முன்னால் வைத்தாள். அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அவர் டார்ச்சை இன்னும் கிட்டத்தில் பிடித்தார்.