நடுங்காத கைக்கு ஓர் உதாரணம்

மடக்கிய விரலால் மேசையைத் தட்டினால் கேள்வி தப்பு என்று அர்த்தம். காலையிலிருந்து தட்டித் தட்டி டாக்டரம்மாவின் விரல்முட்டி சிவந்துவிட்டது. எதிரே, டாக்டர் நாற்காலியில், ஓர் இளம் மருத்துவர் திருதிருவென்று விழிக்கிறார். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டுத் தொலைத்துவிட்டார், பாவம்.

"அப்படிக் கேட்டா எவன் ஆமான்னு சொல்லுவான்? கடைசியா எப்ப குடிச்சீங்கன்னு கேளுங்க. தானா வரும்."

மருத்துவர்களுக்குக் குடிநோய் சிகிச்சையைச் சொல்லிக்கொடுப்பதுதான் இந்த அம்மாவின் வேலை. நடித்துக் காட்டும் பயிற்சியில் நோயாளி நாற்காலி எப்போதும் அவருக்கே. உட்கார்ந்ததும் கண் செருகும், நாக்குக் குழறும். "உடம்பு வலிக்குக் கொஞ்சூண்டுதான் டாக்டர்" என்று அவர் அளப்பதைக் கேட்டால், தண்ணீர் தவிர வேறெதையும் தொடாதவர் என்று யாரும் நம்ப மாட்டார்கள். பயிற்சிக்கு வருகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் 'குடிகாரி'. தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதில் அவருக்கு ஒரு குஷி. கேள்வி கேட்கும்போது யாராவது குனிந்து எழுதினால் மட்டும் பொறுக்கமாட்டார். "மூஞ்சியப் பாத்துக் கேளுங்க. காகிதமா குடிச்சுது?"

அடுத்த பாடம் நடுக்கம். குடியைச் சட்டென்று நிறுத்தியவருக்குக் கை நடுங்கும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வந்து உயிரே போகலாம். யாரையாவது முன்னால் அழைத்து, கையை நீட்டச் சொல்லி, நடுங்காத கை எப்படி இருக்கும் என்று முதலில் காட்டுவது அவர் வழக்கம். இன்று கண்ணில் பட்டவர் கடைசி வரிசையில் இருந்த அறுவை மருத்துவர்.

நீட்டிய கை நடுங்கியது. மனிதர் அதை அவசரமாகக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டார். ஏசி குளிர் என்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் தான் வாயைத் திறந்தால் அந்த மனிதரின் பிழைப்புப் போகும். திறக்காவிட்டால் வீட்டுக்குப் போகிற வழியில் ஆளே போய்விடக்கூடும்.

எல்லோரையும் டீ குடிக்கப் போகச் சொன்னார். இன்னும் டீ வரவில்லையே என்றார் ஒருவர். வரும், போங்க என்று துரத்தி, அறுவை மருத்துவரை மட்டும் கண்ணாலேயே நிறுத்திவைத்தார்.

கதவு மூடிக்கொண்டது. பழக்க தோஷத்தில் நோயாளி நாற்காலிக்குப் போனவர், திரும்பி வந்து டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அறுவை மருத்துவர் தயங்கித் தயங்கி எதிரே உட்கார்ந்தார். ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வியை டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கடைசியா எப்ப குடிச்சீங்க?"

"நான் குடிக்கிறதே இல்ல மேடம்."

மடங்கிய விரல் மேசைக்கு மேலே உயர்ந்தது. தட்டவில்லை. டாக்டரம்மா அதை மெல்லப் பிரித்து, உள்ளங்கை மேலே பார்க்க, கையை அவர் பக்கமாக மேசைமீது வைத்துவிட்டு, கோட்டுப் பைக்குள் இருந்த கை வெளியே வரக் காத்திருந்தார்.